அமெரிக்கப் பண்டிகைகள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வருடத்துக்கான வழிகாட்டி

நம்மில் நிறையப் பேர் ஆகஸ்ட் மாதத்தில்தான் அமெரிக்காவில் வந்து இறங்குகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் நேரம், படிக்க வருகிறவர்களுக்கு வகுப்பு தொடங்கும் நேரம். வீடு பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, லைசென்ஸ் வாங்கி, புளியும் பெருங்காயமும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் கடைவாசல்களில் பரங்கிக்காய் மலைமலையாகக் குவிந்துவிடும். அங்கிருந்து ஜனவரி வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பண்டிகைதான்.

நாங்கள் ஒஹையோவுக்கு வந்த முதல் வருடம், நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம் பால் வாங்கக் கிளம்பினோம். சாலையில் கார்களே இல்லை. ஒரு கடை பூட்டியிருந்தது, அடுத்ததும் பூட்டியிருந்தது, மூன்றாவது கடைக் கண்ணாடிக் கதவில் "நாளை காலை திறக்கும்" என்று ஒரு தாள். திரும்பி வரும் வழியில்தான் கவனித்தேன், ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் ஐந்தாறு கார்கள் நெருக்கியடித்து நின்றன. ஊர் காலியாக இல்லை, எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் புதிதாக வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன். மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு நம்மை யாரும் அழைக்க வேண்டாம். தெருவில் இறங்கினால் போதும், கூட்டமே கொண்டுபோய் சேர்த்துவிடும். இங்கே பெரும்பாலான பண்டிகைகள் கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. யாராவது அழைக்க வேண்டும், இல்லையென்றால் நாம் அழைக்க வேண்டும். இது தெரியாமல் பத்து வருடம் இருந்துவிட்டு "இந்த ஊர்ப் பண்டிகையில் ஒரு களையும் இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஃபெடரல் விடுமுறை நாட்கள் 11. புத்தாண்டு, ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி மூன்றாவது திங்கள் வாஷிங்டன் பிறந்தநாள், மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, ஜூன் 19 ஜூன்டீன்த் (அடிமை முறை ஒழிந்ததை நினைவுகூரும் நாள்), ஜூலை 4 சுதந்திர தினம், செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, அக்டோபர் இரண்டாவது திங்கள் கொலம்பஸ் நாள் (பல ஊர்களில் இதைப் பூர்வகுடி மக்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்), நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். இவ்வளவு திங்கட்கிழமைகள் எதற்கு என்று கேட்பீர்கள். சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் விடுப்பு கிடைக்கட்டும் என்று 1968-ல் சட்டம் போட்டு, 1971 முதல் சில விடுமுறைகளைத் திங்களுக்கு நகர்த்தினார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஃபெடரல் விடுமுறை என்றால் அரசு அலுவலகமும் தபால் நிலையமும் மூடியிருக்கும், பெரும்பாலான வங்கிகளும் மூடியிருக்கும், ஆனால் தனியார் கம்பெனி உங்களுக்கு லீவு தர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே எச்.ஆரிடம் கம்பெனியின் விடுமுறைப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்குத் தனிப் பட்டியல் உண்டு, அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பள்ளிக்கு லீவு, அப்பா அம்மாவுக்கு வேலை என்கிற நாட்கள் வருடத்தில் நாலைந்தாவது வரும், அவற்றுக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

நாம் எதிர்பார்க்கிற ஒரு நாள் அந்தப் பட்டியலில் இருக்காது. புனித வெள்ளிக்கு இந்தியாவில் அரசு விடுமுறை, இங்கே ஃபெடரல் விடுமுறை இல்லை, சில மாநிலங்கள் மட்டும் விடுகின்றன. ஹாலோவீனுக்கும் விடுமுறை கிடையாது. ஆனால் ஒரு தமிழ்க் குடும்பம் இந்த ஊர்க்காரர்களோடு முதன்முதலாகப் பழகுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

ஹாலோவீன்: நம் கதவைத் தட்டி வருகிற ஒரே பண்டிகை

அக்டோபர் 31. நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், அதற்கு முந்தைய இரவு இது. மறுநாள் நவம்பர் 2-ல் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, அதோடு ஒட்டிய காலம்தான். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கங்களில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைப்பார்கள். அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே பெரிய பரங்கிக்காயைப் பார்த்ததும் அதற்கு மாறிவிட்டார்கள். "பேய்ப் பண்டிகை, நமக்கெதற்கு" என்று ஒதுங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் இருக்கிற எல்லாக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரே மாலையில் பார்க்க வேறு நாள் கிடைக்காது. நான் எங்கள் தெருவில் நாலு பேரின் பெயரைத் தெரிந்துகொண்டது அந்த ஒரு மாலையில்தான்.

இரண்டு வாரம் முன்னாலேயே உங்கள் ஊர் நகராட்சியின் வலைத்தளத்தில் "ட்ரிக் ஆர் ட்ரீட்" நேரம் பாருங்கள், குழந்தைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வருவதற்குத்தான் அந்தப் பெயர். பல ஊர்களில் அதிகாரபூர்வமாக நேரம் அறிவிக்கிறார்கள், ஆறு முதல் எட்டு மணி என்பது போல. சில ஊர்களில் தேதியே 31-ஆக இருக்காது. ஐயோவாவின் டெ மாயின் நகரத்தில் இன்னொரு அழகான வழக்கம் உண்டு, குழந்தை ஒரு ஜோக் சொன்ன பிறகுதான் மிட்டாய் தருவார்கள்.

மிட்டாய் வாங்கும்போது தனித்தனியாக உறையிட்ட சின்ன அளவு மிட்டாய்கள் இருக்கும் பெரிய பையாக வாங்குங்கள். எத்தனை குழந்தைகள் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். எங்கள் தெருவில் நாற்பது பேர் வருவார்கள், இரண்டு தெரு தள்ளி இருநூறு பேர். அப்படிக் கேட்கப் போவதே பேச்சு தொடங்க நல்ல சாக்கு. வீட்டில் செய்த முறுக்கோ லட்டோ அன்றைக்கு வேண்டாம். ஆசையாகத்தான் கொடுப்போம், ஆனால் உறையில்லாத பண்டத்தைப் பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கடலை, முந்திரி ஒவ்வாமை இங்கே மிகவும் சீரியஸான விஷயம். சில வீட்டு வாசலில் நீலப்பச்சை வண்ணம் அடித்த பரங்கிக்காய் இருக்கும். அந்த வீட்டில் பென்சில், ஸ்டிக்கர், சின்னப் பொம்மை போன்றவையும் தருகிறார்கள், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தை தயங்காமல் வரலாம் என்று அர்த்தம். நீங்களும் ஒரு கிண்ணத்தில் பென்சில் வைத்துவிடுங்கள், செலவு மிகக் குறைவு, அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தால் அடுத்த வருடமும் வைப்பீர்கள்.

அன்றைக்கு மாலை வாசல் விளக்குதான் மொழி. விளக்கு எரிந்தால் "வாருங்கள்", அணைந்திருந்தால் "எங்களை விட்டுவிடுங்கள்". உங்களுக்கு விருப்பமில்லை என்றால் விளக்கை அணைத்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் விளக்கு எரியாத வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள். சின்னப் பிள்ளையென்றால் நீங்கள் நடைபாதையிலேயே நின்றுகொள்ளலாம், பிள்ளை மட்டும் வாசலுக்குப் போகட்டும். ஒரு வீட்டில் ஒரு மிட்டாய், கிண்ணத்தில் "இரண்டு எடுத்துக்கொள்" என்று எழுதியிருந்தால் இரண்டு. நன்றி சொல்லப் பழக்குங்கள்.

வேஷத்துக்கு வருகிறேன். குளிர் மறந்துவிடும் நமக்கு. வடக்கு மாநிலங்களில் அக்டோபர் கடைசியில் நல்ல குளிர் இருக்கும், உள்ளே ஒரு தெர்மல் போடுகிற அளவுக்குத் தளர்வான உடையாக எடுங்கள். பள்ளியில் வேஷம் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் பள்ளிகளும் அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் பொம்மைக் கத்தி, துப்பாக்கி கூடாது. பூர்வகுடி மக்களின் இறகுத் தொப்பி, முகத்தில் கறுப்புச் சாயம் இந்த இரண்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அது இங்கே மிகப் பெரிய அவமரியாதை.

பரங்கிக்காயைச் செதுக்கினால் சில நாளில் அழுகத் தொடங்கும், ஆகவே இரண்டு நாள் முன்னால் செதுக்கினால் போதும். உள்ளிருக்கும் விதையைக் கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஓவனில் வறுத்தால் மாலை நேரத்துக்கு அருமையான கொறிப்பு. செதுக்கவென்று விற்கிற பெரிய காய் கூட்டுக்கு ஆகாது, சவசவவென்று இருக்கும். சமைக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே சின்னதாக, "பை பம்ப்கின்" என்று ஒன்று விற்கும், அதை வாங்குங்கள்.

தேங்க்ஸ்கிவிங்: இதற்குத்தான் முழு மனதோடு தயாராக வேண்டும்

நவம்பர் நான்காவது வியாழன். அமெரிக்கர்களுக்கு இதுதான் வீட்டுக்குத் திரும்புகிற பண்டிகை, நம் பொங்கலுக்குக் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பேருந்துக்கு நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய புதன்கிழமை விமான நிலையமும் நெடுஞ்சாலையும் நிரம்பி வழியும். பயணம் இருந்தால் டிக்கெட்டை செப்டம்பரிலேயே பாருங்கள். மளிகையைச் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். வியாழக்கிழமை பெரும்பாலான பெரிய கடைகள் மூடியிருக்கும், சில மளிகைக் கடைகள் மட்டும் மதியம்வரை திறந்திருக்கும். கனடாவில் இதே பண்டிகை அக்டோபர் இரண்டாவது திங்கள், டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் குழம்பிவிடாதீர்கள்.

கதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளை பள்ளியிலிருந்து வந்து கேட்கும். 1621-ல் பிளிமத் என்ற இடத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து முதல் குளிர்காலத்தில் பாதிப் பேரைப் பறிகொடுத்தவர்கள், அறுவடை முடிந்ததும் விருந்து வைத்தார்கள். அந்த மண்ணின் மக்களான வாம்பனோக் இனத்தவர் ஏறக்குறைய தொண்ணூறு பேர் மூன்று நாள் அவர்களோடு இருந்தார்கள். சோளம் பயிரிட அவர்களுக்குக் கற்றுத் தந்ததே அந்த மக்கள்தான். ஆனால் 1675-ல் இரு தரப்புக்கும் பெரிய போர் மூண்டு, வாம்பனோக் மக்கள் ஏராளமாக அழிந்தார்கள். அதனால் 1970 முதல் ஒவ்வொரு வருடமும் இதே வியாழக்கிழமை பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், குழந்தைகளுக்கு அது புரியும். நாடு முழுவதற்குமான நாளாக இதை அறிவித்தவர் லிங்கன், 1863-ல், உள்நாட்டுப் போரின் நடுவில். அதற்காகப் பல வருடம் கடிதம் எழுதிப் போராடியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். நான்காவது வியாழன் என்று சட்டத்தில் உறுதியானது 1941-ல்.

அழைப்பு வந்தால் போங்கள். அலுவலகத்தில் யாராவது "தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன திட்டம்?" என்று கேட்பார்கள். நாம் கூச்சத்தில் "நாங்கள் ஊர் சுற்றப் போகிறோம்" என்று சமாளித்துவிடுவோம். அப்படிச் சொல்லாதீர்கள். "ஒன்றும் இல்லை, இதுதான் எங்களுக்கு முதல் வருடம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி பல நேரம் அழைப்புக்கு முந்தைய படி. வெறும் மரியாதைக்கு அழைக்கிறார்களோ என்று தயங்க வேண்டாம். தேதி, நேரம், முகவரி சொல்லி அழைத்தால் அது உண்மையான அழைப்பு.

ஒப்புக்கொண்டதும் அன்றைக்கே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை மாமாவையும் சேர்த்து, ஏனென்றால் நாற்காலி கணக்குப் பார்த்துத்தான் மேசை போடுவார்கள், கடைசி நேரத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது அவர்களைச் சங்கடப்படுத்தும். என்ன கொண்டு வரட்டும் என்று கேளுங்கள். சைவம் என்றால் தெளிவாகச் சொல்லுங்கள், "கோழியும் மீனும் கூட இல்லை" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோழிச் சாறு ஊற்றியதைச் சைவம் என்று நினைத்துத் தருகிறவர்கள் உண்டு.

சைவக்காரர்கள் மேசையில் கவனிக்க வேண்டியவை இவை. ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங் பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் விருந்துக்கு முழுசாகச் சமைக்கிற வான்கோழிக்குள் வைத்தோ கோழிச் சாறு விட்டோ செய்திருப்பார்கள். கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றில் செய்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் வெள்ளையாக உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பை (pie) என்கிற இனிப்புப் பண்டங்களின் அடிமாவில் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி சாஸ், சோளம், ரொட்டி இவை பெரும்பாலும் பிரச்சினையில்லை. பீன்ஸ் கேசரோல் என்று ஒன்று வரும், காளான் சூப்பும் வறுத்த வெங்காயமும் போட்டுச் செய்வது, 1955-ல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையலறையில் உருவானது. அதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மெதுவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நீங்கள் கொண்டு போவது மேசையில் எல்லாரும் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். எலுமிச்சை சாதம், காரம் குறைத்த வெஜிடபிள் பிரியாணி, தேங்காய் பர்ஃபி எல்லாம் நன்றாகப் போகும். சாம்பாரை அவர்களுக்கு எதோடு சாப்பிடுவது என்று தெரியாது, பக்கத்தில் இருந்து பரிமாறினால்தான் உண்டு. கிண்ணத்தின் மேல் ஒரு சீட்டில் பெயரும், முந்திரி, கடலை, பால் எது இருக்கிறது என்பதும் எழுதி வையுங்கள். வெறுங்கையோடு மட்டும் போக வேண்டாம். எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் ஒரு பூங்கொத்து போதும்.

விருந்து பெரும்பாலும் மதியம் இரண்டு முதல் நாலு மணிக்குள் இருக்கும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லை, முந்திப் போகாதீர்கள், அப்போதுதான் அடுப்படியில் பரபரப்பு உச்சத்தில் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று அவர்கள் காலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சாப்பிடும் முன் சில வீட்டில் கைகோத்து ஜெபம் செய்வார்கள், தலையைக் குனிந்து அமைதியாக நின்றால் போதும். அப்புறம் ஒவ்வொருவராக இந்த வருடம் எதற்கு நன்றியோடு இருக்கிறேன் என்று சொல்லும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் முறையும் வரும், ஒரு வாக்கியம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் ஒரு வருடம் தமிழிலேயே சொன்னார், நான் மொழிபெயர்த்தேன், அந்த வீட்டுப் பாட்டி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் இன்றுவரை ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள்.

காலையில் நியூயார்க்கில் மேசிஸ் என்ற பெரிய கடை நடத்தும் அணிவகுப்பு, 1924-ல் தொடங்கியது, டிவியில் பார்க்கலாம். அப்புறம் அமெரிக்கன் ஃபுட்பால், டெட்ராய்ட் லயன்ஸ் அணி 1934-லிருந்து இந்த நாளில் ஆடி வருகிறது. விளையாட்டு புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், விளக்கிச் சொல்வதில் அவ்வளவு மகிழ்ச்சி அவர்களுக்கு. கிளம்பும்போது மிச்ச உணவைக் கட்டித் தருவார்கள், வேண்டாம் என்று மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டு எடுத்து வைக்க ஒரு கை கொடுங்கள்.

யாரும் அழைக்கவில்லை என்றால் நீங்களே அழையுங்கள். ஊருக்குப் போகாத மாணவர்கள், தனியாக இருக்கிற சக ஊழியர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். இதற்கு ஃப்ரெண்ட்ஸ்கிவிங் என்றே பெயர் இருக்கிறது. வான்கோழிதான் வேண்டும் என்று இல்லை, முழுக்கோழியில் மசாலா தடவி ஓவனில் வைத்தாலும் விருந்துதான். வான்கோழியே செய்யப் போகிறீர்கள் என்றால், உறைந்த கோழியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கரைக்க ஒவ்வொரு 4-5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் வேண்டும். பன்னிரண்டு பவுண்டு என்றால் மூன்று நாள், ஆக திங்கட்கிழமையே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி குத்தினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும், நிறத்தைப் பார்த்து நம்பக் கூடாது. எண்ணெயில் முழுசாகப் பொரிக்கும் வேலை முதல் வருடம் வேண்டவே வேண்டாம். சரியாகக் கரையாத கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும், அமெரிக்க வீடுகளில் சமையல் தீ விபத்து மிக அதிகமாக நடப்பது இந்த ஒரு நாளில்தான்.

மறுநாள் பிளாக் ஃப்ரைடே, கடைகளில் பெரிய தள்ளுபடி நாள். வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் வாங்குங்கள்.

டிசம்பர்

தீபாவளிக்குக் கட்டிய சர விளக்கை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிடலாம், ஜனவரி முதல் வாரம்வரை தெருவே விளக்காகத்தான் இருக்கும். இரவில் காரில் மெதுவாகத் தெருத்தெருவாகப் போய் விளக்குப் பார்ப்பது இங்கே குடும்பங்களுக்கு ஒரு வழக்கம், காசு செலவில்லை, ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

யாருக்கு என்ன வாழ்த்து சொல்வது? கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்தால் மெர்ரி கிறிஸ்துமஸ், தெரியாவிட்டால் ஹாப்பி ஹாலிடேஸ். யூதர்களுக்கு எட்டு இரவு ஹனுக்கா வரும், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சிலர் டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை குவான்ஸா கொண்டாடுவார்கள், அது 1966-ல் தொடங்கியது.

அலுவலகத்தில் சீக்ரெட் சான்டா நடக்கும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு, சொன்ன தொகைக்குள் பரிசு. 20 டாலர் என்றால் 20 டாலருக்குள்ளேயே வாங்குங்கள், தாராளமாக 50 டாலருக்கு வாங்கினால் மற்றவர்களுக்குச் சங்கடம். ஒயிட் எலிஃபன்ட் என்று இன்னொரு விளையாட்டு உண்டு, அதில் நீங்கள் பிரித்த பரிசை அடுத்தவர் வந்து பறித்துக்கொண்டு போகலாம், அதுதான் விதி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் பரிசை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு விருந்தாளி போன பிறகு பிரிப்போம். இங்கே கொடுத்தவர் முன்னாலேயே பிரித்து, பார்த்து, நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் கொடுக்கும்போது விலை போடாத கிஃப்ட் ரசீதைக் கேட்டு வாங்கி உள்ளே வைத்தால், அளவு சரியில்லாவிட்டால் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு கிஃப்ட் கார்டு, குப்பை எடுக்க வருகிறவர்களுக்கு ஓர் உறையில் கொஞ்சம் பணம் கொடுப்பது வழக்கம். தபால்காரருக்குப் பணமாகக் கொடுக்கக் கூடாது, தபால் துறை விதிப்படி அவர் 20 டாலருக்குள் உள்ள பொருளைத்தான் வாங்க முடியும். கையுறையோ, ஒரு டப்பா பிஸ்கட்டோ கொடுங்கள்.

இதை அவசியம் பிள்ளையிடம் பேசுங்கள். சான்டா வருகிறார் என்று வகுப்பில் மற்றக் குழந்தைகள் முழுதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டில் அந்த வழக்கம் இல்லை என்றால் நம் பிள்ளை போய் "அதெல்லாம் பொய்" என்று சொல்லிவிடும், அன்று மாலையே உங்களுக்கு ஃபோன் வரும். "அவர்கள் வீட்டு நம்பிக்கை, நாம் கெடுக்கக் கூடாது" என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

உண்மையான மரம் வாங்கினால் அடித்தண்டை ஓர் அங்குலம் வெட்டித் தரச் சொல்லுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்த மரம் சட்டென்று தீப்பிடிக்கும். அபார்ட்மென்டில் உண்மையான மரத்துக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிசம்பர் 25 அன்று யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகாதீர்கள். நம் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும் பலகாரமும் போகும், நாமும் வாழ்த்துச் சொல்லப் போவோம். இங்கே அந்த நாள் வீட்டு ஆட்களுக்கு மட்டும். வாழ்த்தும் பலகாரமும் அதற்கு முந்தைய வாரத்தில் கொண்டு போங்கள். தேவாலயத்துக்குப் போக விரும்பினால் 24 இரவு ஆராதனைக்கு யாரும் போகலாம். 25 அன்று வெளியே சாப்பிட வேண்டுமென்றால் சீன உணவகங்களும் திரையரங்குகளும் பல ஊர்களில் திறந்திருக்கும்.

ஜனவரி முதல் ஜூன் வரை

புத்தாண்டு இரவு பன்னிரண்டுக்கு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பந்து இறங்குவதை எல்லாரும் டிவியில் பார்ப்பார்கள், 1907-லிருந்து நடக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் அதிகம் உள்ள இரவு, சீக்கிரம் வீடு திரும்பிவிடுங்கள். மறுநாள் தென் மாநிலங்களில் அதிர்ஷ்டம் என்று ஒரு பயறு சாப்பிடுவார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஜார்ஜியாக்காரர், ஒரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தார். திறந்து பார்த்தால் நம் காராமணி! ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்கு வந்த பயறு அது, அரிசியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். டிசம்பரில் குக்கீ வந்த தட்டையும் அந்தக் கிண்ணத்தையும் நான் வெறுமையாகத் திருப்பித் தரவில்லை, பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கலோடு போயின. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முந்திரி இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 14 காதலர் தினம் இங்கே பள்ளிக் குழந்தைகளுக்கும் உண்டு. வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு சின்ன அட்டை கொண்டு போக வேண்டும், ஒருவரையும் விடக் கூடாது. ஆசிரியர் பெயர்ப் பட்டியல் அனுப்புவார். முந்தைய இரவு இருபத்தைந்து பெயர் எழுத உட்கார்ந்தால் பிள்ளை தூங்கிவிடும், ஒரு வாரம் முன்பே தினமும் ஐந்தைந்தாக எழுத வையுங்கள். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாள், பச்சைச் சட்டை போட்டுவிடுங்கள், அது போதும்.

ஈஸ்டருக்குப் பூங்காக்களில் முட்டை தேடும் விளையாட்டு வைப்பார்கள், பிளாஸ்டிக் முட்டைக்குள் மிட்டாய் இருக்கும். பத்து மணிக்கு என்றால் பத்து ஐந்துக்கு முடிந்துவிடும், உண்மையாகவே அவ்வளவு வேகம். ஒன்பதே முக்காலுக்கு, கூடையோடு, சரியான வயதுப் பிரிவில் போய் நில்லுங்கள்.

மே மாதம் மெமோரியல் டே கடையெல்லாம் தள்ளுபடி, ஊரெல்லாம் பார்பெக்யூ. ஆனால் அது போரில் இறந்தவர்களுக்கான நாள். மகனைப் பறிகொடுத்த வீட்டில் போய் "ஹாப்பி" என்று தொடங்கிவிடாதீர்கள். உயிரோடிருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு நன்றி சொல்லும் நாள் நவம்பர் 11.

ஜூலை 4: வெளியே வருகிற பண்டிகை

1776-ல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள். கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்குத் தெருவுக்கு வந்துவிடுவார்கள். காலையில் ஊர்வலம், தீயணைப்பு வண்டி, பள்ளி பேண்டு வாத்தியம். வண்டியிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுகிற ஊர்களும் உண்டு, ஒரு பை கொண்டு போங்கள். இருட்டியதும் வாணவேடிக்கை.

வெடியை நீங்களே வெடிக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாசசூசெட்ஸில் பொதுமக்கள் எந்தப் பட்டாசும் வெடிக்க அனுமதி இல்லை, வேறு மாநிலங்களில் கடை போட்டு விற்பார்கள். நகராட்சி விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், இதே விதியைத்தான் தீபாவளிக்கும் பார்க்க வேண்டியிருக்கும். கம்பி மத்தாப்புதானே என்று சின்னக் குழந்தை கையில் தனியாகக் கொடுக்காதீர்கள், அதன் நுனி ஏறக்குறைய 2,000 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் எரிகிறது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

ஊர் வாணவேடிக்கைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்ப் புல்வெளியில் ஜமுக்காளம் விரித்து இடம் பிடியுங்கள். கொசு மருந்து, போர்வை, டார்ச், தண்ணீர், ஒரு டப்பா புளியோதரை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் காதை மூடும் மஃப் வாங்கி வையுங்கள். முடிந்ததும் அவசரப்பட்டு எழுந்து ஓட வேண்டாம், கார் நிறுத்தும் இடம் காலியாக முக்கால் மணி நேரமாவது ஆகும். புளியோதரையை அப்போது பிரியுங்கள், பக்கத்து ஜமுக்காளத்துக்கும் கொஞ்சம் நீட்டுங்கள்.